கிறிஸ்டோபர் லீயும் நான் எழுதிய ஒரு வரியும்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி கிறிஸ்டோபர் லீ தமது 93ஆவது வயதில் காலமானார். சில நாட்கள் கழித்தே செய்தி வெளியில் வந்தது. அன்றிரவு பத்திரிகை அலுவலகத்தில் பக்கத்தை முடித்து அனுப்பவேண்டிய அவசரத்தில் இருந்தேன். வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் கையளவு இடம் இருந்தது. டிராகுலா, ஜேம்ஸ் பொண்ட் படத்தின் வில்லன், சாருமான் என்று வரிசைப்படுத்திவிட்டு, “இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் தரங்குறைந்த பல திகில் படங்களிலும் அவர் நடித்தார்” என்று ஒரு வரி எழுதி முடித்தேன். அந்தப் படங்களில் ஒன்றையேனும் அப்போது நான் பார்த்திருக்கவில்லை. பார்க்காததைப் பற்றித் தீர்ப்பு எழுதும் துணிவு எங்கள் தொழிலில் மலிவாகக் கிடைக்கும் சரக்கு.

அந்த வரிக்கான கணக்கைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

அமெரிக்காவின் செவெரின் பில்ம்ஸ் நிறுவனம் 2021இல் லீயின் ஐரோப்பியப் படங்களுள் அதிகம் அறியப்படாத ஐந்தைத் தொகுத்து புளூ-ரே இறுவட்டுகளாக ஒரு பெட்டியில் வெளியிட்டது. 1962இல் வந்த ஷேர்லொக் ஹோம்ஸ் படம் ஒன்று. 1963க்கும் 1964க்கும் இடையில் இத்தாலியில் உருவான மூன்று. 1967இல் வந்த மேற்கு ஜேர்மனியப் படம் ஒன்று. இவற்றோடு, எழுபதுகளின் தொடக்கத்தில் போலந்தில் எடுக்கப்பட்டு லீ முன்னுரை கூறும் ‘தியேட்டர் மக்காப்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் எஞ்சியிருக்கும் 24 பகுதிகளும் உண்டு. கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் தயவால் அது என் கைக்கு வந்தது.

பெட்டியைக் கண்ட நண்பர் ஒருவர் சிரித்தார். நல்ல சினிமாவை நேசிப்பவர். பெர்க்மனையும் சத்யஜித் ராயையும் நுணுக்கமாகப் பேசக்கூடியவர். “இந்தக் குப்பையை எல்லாம் யார் காப்பாற்றி வைக்கச் சொன்னது?” என்று கேட்டார். எனது பழைய வரியையே அவர் வேறு சொற்களில் சொன்னார் என்பதால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலாவதாக, இந்தப் படங்களை எடுத்துவிட்டால் லீயின் வாழ்க்கை பொய்யாகிவிடும். 1958இல் வெளிவந்த ஹமர் நிறுவனத்தின் டிராகுலா அவருக்கு உலகப் புகழைக் கொடுத்தது. அதே கையால் விலங்கையும் பூட்டியது. அந்நிறுவனத்துக்காக மொத்தம் ஏழு படங்களில் அவர் டிராகுலாவாகத் தோன்றினார். அவற்றுள் 1966இல் வந்த படத்தில் அவர் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. எண்பதுகளில் வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’கையும் முற்றத்தில் வைத்து விடிய விடியப் படம் பார்த்த எங்கள் தலைமுறைக்கும் அவர் இரண்டு கோரைப் பற்களும் ஒரு கறுப்பு அங்கியுமாகவே அறிமுகமானார்.

ஆனால் அம்மனிதரோ இத்தாலியப் பிரபு வம்சத்தின் வழிவந்த தாயின் மகன்; பல ஐரோப்பிய மொழிகளைப் பேசியவர்; இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையில் பணியாற்றி இத்தாலியிலும் இருந்தவர். இங்கிலாந்து அவருக்கு ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்ப நீட்டியபோது அவர் ஐரோப்பாவுக்குப் போனார். டிராகுலா வெளிவந்த மறு ஆண்டிலேயே, 1959இல், இத்தாலியில் தமது இரத்தக்காட்டேறியையே கேலி செய்யும் நகைச்சுவைப் படத்தில் நடித்தார். 1976இல் பிரான்சில் மீண்டும் ஒரு முறை அதே கேலியைச் செய்தார். அவரது ஐரோப்பியப் பயணம், பூட்டப்பட்ட அறையொன்றில் யன்னல் தேடிய நடிகனின் பயணம். அதை ஒரே வரியில் ‘தரங்குறைந்தது’ என்று எழுதியவன் அந்த அறையை வெளியிலிருந்து இன்னொரு தடவை பூட்டியவனாகிறான்.

இரண்டாவது விடயம் தரம். இந்தப் படங்கள் எல்லாம் மறைந்துகிடந்த மாணிக்கங்கள் என்று நான் வாதிட வரவில்லை. 1963இல் எடுக்கப்பட்ட ‘கத்தார்சிஸ்’ படத்தில் லீ தோன்றும் நேரமும் குறைவு. தோன்றாத நேரத்தில் பார்ப்பவரின் பொறுமையும் குறைவு. ஆனால் ஒரு படத்தைக் காப்பாற்றுவதும் அதற்குப் புள்ளி போடுவதும் வெவ்வேறு வேலைகள். அவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் நாளை யாருக்கு எது தேவைப்படும் என்பது இன்றே தமக்குத் தெரியும் என்று நம்புகிறவர்கள்.

1964இல் வந்த ‘உயிருள்ள பிணங்களின் கோட்டை’யை எடுத்துக்கொள்வோம். உரோமுக்கு வடக்கேயுள்ள பொமார்சோவின் கல்லரக்கர் தோட்டத்தில் அதன் சில காட்சிகள் படமாயின. கனடாவிலிருந்து வந்த, யாரும் அறியாத இளைஞர் ஒருவர் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வேடங்களில் வருகிறார். அவற்றுள் ஒன்று சூனியக்காரக் கிழவி. அவர் பெயர் டொனால்ட் சதர்லாண்ட். அதுவே அவரது முதல் முக்கிய வாய்ப்பு. அப்படத்தின் இயக்குநர் வொரன் கீபர். அந்த நன்றியில் சதர்லாண்ட் தமது மகனுக்குக் கீபர் என்று பெயர் வைத்தார். அதே படப்பிடிப்பில் உதவியாளராக ஓடித்திரிந்த மைக்கேல் ரீவ்ஸ், 1968இல் ‘விச்பைண்டர் ஜெனரல்’ என்ற படத்தை இயக்கிவிட்டு அடுத்த ஆண்டே 25 வயதில் இறந்துபோனார். ஷெரிடன் லெ பானுவின் ‘கார்மில்லா’ கதையைத் தழுவிய இன்னொரு 1964ஆம் ஆண்டுப் படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்தவர்களுள் ஒருவர் தோனினோ வலேரி. 1973இல் ‘என் பெயர் யாருமில்லை’ என்ற புகழ்பெற்ற குதிரைவீரர் படத்தை இயக்கியவர் அவரே. குப்பை என்று நண்பர் சொன்ன இடத்தில்தான் இத்தனை பேர் தொழில் பழகியிருக்கிறார்கள். சதர்லாண்ட் 2024 ஜூனில் காலமானபோது அவருக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதியவர்கள், அந்தக் கிழவி வேடத்தின் படச்சுருளை யார் காப்பாற்றினார்கள் என்று கேட்டார்களா?

மூன்றாவது விடயம் குரல். லீயின் குரலைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆழ்கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல் அது. அக்கால இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிவதில்லை. எல்லாக் குரல்களையும் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பார்கள். பல நாட்டு நடிகர்கள் ஒரே காட்சியில் நிற்கும் கூட்டுத் தயாரிப்புகளுக்கு அது வசதியான முறை. பெயர்களும் அப்படியே மாறின. வெளிநாட்டுச் சந்தைக்காக இத்தாலிய இயக்குநர்கள் ஆங்கிலப் பெயர்களைப் பூண்டார்கள். லீயை வைத்து 1963இல் ஒரு படம் இயக்கிய மேரியோ பாவா அதில் ‘ஜோன் எம். ஓல்ட்’ ஆனார்.

இந்த முறையின் உச்சக் கொடுமை 1962ஆம் ஆண்டின் ஷேர்லொக் ஹோம்ஸ் படத்தில் நிகழ்ந்தது. லீயை டிராகுலாவாக்கிய அதே டெரன்ஸ் பிஷர்தான் அதற்கும் இயக்குநர். திரைக்கதை கேர்ட் சியோட்மாக். ஹோம்ஸாக லீ, வாட்சனாக தோர்லி வோல்டர்ஸ்: இருவரும் ஆங்கிலேயர்கள். எனினும் ஆங்கிலப் பதிப்பில் இருவருக்கும் வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலேயனின் வாயில் இன்னொருவனின் ஆங்கிலம்! இரவற் குரலின் சங்கதி தெரிந்த தமிழ் ரசிகர்களுக்கு இதன் வலியை விளக்கத் தேவையில்லை. முகம் நடிக்கிறது, குரல் வேறெங்கோ இருந்து வாசிக்கிறது.

இதற்கு மறுமுனையில் ஒரு படம் உண்டு. 1970இல் ஸ்பானிய இயக்குநர் ஜெஸ் பிராங்கோ, பிராம் ஸ்டோக்கரின் நாவலை ஒட்டி லீயை மீண்டும் டிராகுலாவாக்கினார். நாவலில் உள்ளபடி மீசையுடன் முதியவராகத் தோன்றி, இரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறார் அதில். அதே படப்பிடிப்புத் தளத்தில் பேரே போர்தாபெயா என்ற கத்தலானியக் கலைஞர் தனியே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். படம் முழுவதும் எவரும் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. இறுதியில் லீ, ஸ்டோக்கரின் நூலை எடுத்து டிராகுலாவின் மரணத்தைத் தமது சொந்தக் குரலில் வாசிக்கிறார். அப்படத்தில் ஒலிக்கும் மனிதப் பேச்சு அது ஒன்றே. அதைக் கலைப்படம் என்று நண்பர் ஏற்றுக்கொள்வார். ஆனால் பிராங்கோவின் ‘குப்பை’ இல்லாவிட்டால் அந்தக் கலைக்கு நிற்க ஒரு தளமே இருந்திராது.

“எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எதுவோ இருக்கிறது, உண்மைதான். பக்கங்கள் வெட்டப்பட்டு, இரவுக் காட்சிகள் கரிக்குழம்பாகி, தலைப்பும் இயக்குநர் பெயரும் அகற்றப்பட்ட பிரதிகள். இன்று இருப்பது நாளை இல்லாமலும் போகலாம். அதற்கு யாரும் பொறுப்பாளி அல்லர். மூலச் சுருளைத் தேடி, உரிமை வாங்கி, சீர்ப்படுத்தி, எது எந்தப் பதிப்பு என்று எழுதி வைப்பது வேறு வகை உழைப்பு. அந்த உழைப்பை ஒரு சிறிய வணிக நிறுவனம் செய்திருக்கிறது. இலாபத்துக்காகச் செய்தது என்பதில் ஐயமில்லை. ஏளனம் செய்தவர்கள் நட்டத்துக்கும் செய்யவில்லை.

எதிர்த்தரப்பின் ஒரு நியாயத்தை ஏற்கிறேன். ‘உயிருள்ள பிணங்களின் கோட்டை’யில் லீ ஏற்றிருக்கும் வேடம் ட்ராகோ பிரபு. மனிதர்களையும் விலங்குகளையும் மருந்தூட்டி, அழியாத பதுமைகளாக்கித் தன் கோட்டையில் அடுக்கி வைப்பவன். பெட்டியைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்து அழகு பார்க்கும் சேகரிப்பாளர் சிலரும் அந்தப் பிரபுவின் வம்சமே. காப்பாற்றியதைப் பார்க்கவேண்டும், பிறருக்குக் காட்டவேண்டும், பிடிக்காவிட்டால் திட்டவும் வேண்டும். திட்டுவதற்கும் படம் இருந்தாகவேண்டும்.

நண்பரை அடுத்த ஞாயிறு வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். முதலில் சதர்லாண்டின் கிழவியைக் காட்டுவதாக உத்தேசம். அதன் பின்னரும் குப்பை என்றே அவர் சொல்லலாம். பார்த்துவிட்டுச் சொன்னார் என்ற மரியாதை அவருக்கு உண்டு. 2015இல் அந்த வரியை எழுதிய எனக்கு அது இருக்கவில்லை.