எடுக்காத விடுப்புக்கு ஆயுள் முழுக்கச் சம்பளமா?

அரசு ஊழியர் ஒருவர் விடுப்பு எடுக்காமல் உழைத்தால், அந்த நாட்களுக்குப் பணம் கொடுப்பது நியாயம்தான். அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கடைசி ஆண்டுச் சம்பளத்தோடு சேர்த்து, கூட்டுத்தொகைக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் கேட்பது எந்த ஊர் நியாயம்? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பல கவுண்டிகளில் இதுதான் பல ஆண்டுகள் நடந்தது. 'பென்ஷன் ஸ்பைக்கிங்' என்று இதற்குப் பெயரே உண்டு.

ஒரு காவலரின் கடைசி ஆண்டுச் சம்பளம் 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3 சதவீதம் என்றால் 30 ஆண்டுப் பணிக்கு 90,000 டாலர் ஓய்வூதியம். சேர்த்துவைத்த விடுப்பை விற்று அதே ஆண்டில் 20,000 டாலர் வாங்கினால், ஓய்வூதியம் 1,08,000 ஆகிவிடும். வேலை பார்த்தபோது வாங்கிய சம்பளத்தைவிட அதிகம்! அவர் இன்னும் 20 ஆண்டுகள் வாழ்ந்தால், ஒரே ஒரு முறை வாங்கிய 20,000க்காக மேலும் 3,60,000 டாலர்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? 30 ஆண்டுகளாகப் பிடித்த சந்தா, வழக்கமான சம்பளத்துக்குப் பிடித்தது. கடைசி ஆண்டில் திடீரென ஏறிய தொகைக்கு நிதியில் சேமிப்பு கிடையாது. பள்ளத்தை நிரப்புவது கவுண்டியின் கருவூலம், அதாவது வரி கட்டுபவர்கள்.

"கொடுத்த வாக்கை மீறலாமா?" என்று கேட்கின்றன தொழிற்சங்கங்கள். 1997இல் வென்சுரா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு பல கவுண்டிகள் ஊழியர்களோடு உடன்பாடு செய்துகொண்டது உண்மை. அதை நம்பி ஓய்வுக்காலத்தைத் திட்டமிட்டவர்களும் உண்டு. எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல. ஆனால் உழைப்புக்கு ஊதியம் என்ற வாக்கு வேறு, கணக்கில் இருக்கும் ஓட்டை வேறு. 2012இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டு 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் விடுப்புப் பணத்தைப் பறிக்கவில்லை. ஓர் ஆண்டில் ஈட்டிய விடுப்புக்கு மேல் அந்த ஆண்டின் ஓய்வூதியக் கணக்கில் சேராது என்றது, அவ்வளவுதான். 2020 ஜூலையில் அலமேடா வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமும், ஓட்டையை அடைப்பது சரியே என்று தீர்ப்பளித்தது.

2013க்குப் பின் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விடுப்புப் பணம் ஓய்வூதியக் கணக்கில் சேரவே சேராது. எல்லோருக்கும் பொருந்த வேண்டிய விதி அதுதான். எடுக்காத விடுப்புக்கு உரிய பணத்தைக் கொடுத்து, அன்றே அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும்.