நீங்கள் கேட்டவை: மிச்ச கேபிளைச் சுருட்டி வைக்கலாமா?

‘‘எங்கள் போர்வெல்லில் 5 ஹெச்.பி நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டாரையும் இறக்க வேண்டுமே என்று, 30 மீட்டர் கேபிளைக் கூடுதலாக விட்டு, மோட்டார் ரூமில் சுருட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். மோட்டார் ஓடும்போது அந்தச் சுருள் சுடுகிறது. சுருட்டிய வயர் காந்தமாகிவிடுவதால்தான் இப்படி என்கிறார்கள். ஆபத்து உண்டா?’’

- வாசகர், பல்லடம்.

ஆபத்து உண்டு. சுருளை உடனே பிரித்துவிடுங்கள். ஆனால், காரணம் காந்தம் அல்ல. மூன்று பேஸ் வயர்களும் ஒரே கேபிளுக்குள் சேர்ந்து செல்வதால், ஒன்றின் காந்த விசையை மற்ற இரண்டும் சமன்செய்துவிடும். சூடு வெளியேற வழியில்லாததுதான் பிரச்னை.

எந்த வயரில் கரன்ட் போனாலும் கொஞ்சம் சூடு பிறக்கும். உங்கள் மோட்டார் சுமார் 8 ஆம்பியர் எடுக்கும். கேபிள் 2.5 சதுர மி.மீ தாமிரம் என்றால், மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 வாட் சூடு உண்டாகும். கிணற்றுக்குள் இருக்கும் கேபிளின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்; நீட்டிக் கிடக்கும் கேபிளின் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். சுருட்டிய 30 மீட்டரிலோ, 40 வாட் குண்டு பல்பின் சூடு ஒரே கட்டுக்குள் அடைபடுகிறது. உள்சுற்றுகளுக்குக் காற்றே படாது.

வோல்டேஜ் குறையும்போது நிலைமை இன்னும் மோசம். மோட்டார் அதிக கரன்ட் இழுக்கும். 8 ஆம்பியர் 11 ஆனால், சூடு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சாதாரண பி.வி.சி உறை தாங்கும் அளவு 70 டிகிரி செல்சியஸ்தான். அதைத் தாண்டினால் உறை இளகி, நாளடைவில் வெடித்து, பேஸ்கள் ஒன்றோடு ஒன்று உரசும். பக்கத்தில் சாக்கு, வைக்கோல் இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

செய்ய வேண்டியவை:

* மெயினை நிறுத்தி, ஃபியூஸ்களைக் கழற்றிய பிறகே கேபிளைத் தொடுங்கள். சூடு பார்க்க, ஓடும்போது கையை வைக்கும் பழக்கமே வேண்டாம்.

* மிச்ச கேபிளை வெட்டி, பத்திரமாக எடுத்து வையுங்கள். மோட்டாரை இறக்கும்போது ஸ்டார்ட்டர் பக்கம் இணைத்துக்கொள்ளலாம். வெட்ட மனமில்லை என்றால், சுவரில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் வளைத்து வளைத்து கிளிப் அடியுங்கள்.

* சுருளில் உறை இறுகியிருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ அந்தப் பகுதியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

* ஸ்டார்ட்டர் முனைகளின் திருகுகளை எலெக்ட்ரீஷியனை வைத்து இறுக்குங்கள். தளர்ந்த இணைப்பும் இதே போலச் சுடும்.

* தனித்தனி வயர்களாக இழுத்தால், மூன்றையும் ஒரே குழாயில் விடுங்கள். ஒரு பேஸை மட்டும் இரும்புக் குழாயில் விட்டால், அங்கே காந்த விசையால் குழாயே சூடாகும்.

மொத்தக் கேபிள் 200 மீட்டர் என்றால், 2.5 சதுர மி.மீ-ல் சுமார் 20 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ போட்டால் 13 வோல்ட்தான் குறையும். இலவச மின்சாரம்தானே என்று இதை விட்டுவிட வேண்டாம். காயில் கருகினால், ரீவைண்டிங் செலவு உங்களுடையது.