சம்பளம் வேண்டாம் ஸார்!

பி.காம். படித்தவன் கையில் மாயாஜாலக் கதையைக் கொடுத்தால் மந்திரத்தையா பார்ப்பான்? கணக்கைத்தான் பார்ப்பான். ஜே.கே. ரௌலிங்கின் 'ஹாரி பாட்டர்' புத்தகங்களை நான் படித்த லட்சணம் அப்படி.

அந்த உலகத்தில் 29 நட் சேர்ந்தால் ஒரு ஸிக்கிள். 17 ஸிக்கிள் ஒரு காலியன். 'எவன்யா இப்படிக் கணக்கு வெச்சான்?' என்று எரிச்சல் வருகிறதா? நிஜ பிரிட்டனிலேயே 1971 வரை 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அம்மணி பழைய கல்லாப்பெட்டியைக் கொஞ்சம் குலுக்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆபீஸும் நமக்குப் பழகிய ஆபீஸ்தான். மந்திர அமைச்சகத்தில் உத்தியோகம் பார்க்கும் ஆர்தர் வீஸ்லிக்கு ஏழு பிள்ளைகள். ஆறாவது பிள்ளை ரானுக்கு மந்திரக்கோல்கூட அண்ணன் உபயோகித்த பழசு. இன்னொரு மகன் பெர்ஸி அதே அமைச்சகத்தில் சேர்ந்து, விழுந்து விழுந்து ஒரு ரிப்போர்ட் எழுதுகிறான். எதைப் பற்றி? இறக்குமதிக் கொப்பரைகளின் அடிப்பாகம் எத்தனை கனம் இருக்கவேண்டும் என்று!

சிரித்தாச்சா? இனி விஷயத்துக்கு வருவோம்.

ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் விருந்து தானாகவே தட்டில் வந்து நிற்கும். நாலாவது புத்தகத்தில் (2000) குட்டு உடைகிறது. கீழே சமையல்கட்டில் நூறு பேருக்கு மேல் 'எல்ஃப்' என்ற குள்ள வேலைக்காரர்கள். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. மந்திரக்கோலைத் தொடக்கூடாது என்று சட்டம் வேறு. இருப்பதே தெரியாமல் இருந்தால்தான் நல்ல வேலைக்காரனாம்.

விடுதலை கிடைத்த டாபி என்ற எல்ஃப் அங்கே வேலை கேட்டு வருகிறான். தலைமை ஆசிரியர் வாரம் 10 காலியன், சனி ஞாயிறு லீவு என்கிறார். டாபி பேரம் பேசுகிறான், குறைக்கச் சொல்லி! கடைசியில் வாரம் 1 காலியன், மாதம் 1 நாள் லீவு என்று படிகிறது. தலைமுறை தலைமுறையாக 'உனக்கு இது போதும்' என்று சொல்லி வளர்த்தால், ஒரு கட்டத்தில் நாம் சொல்லவே வேண்டாம், அவனே சொல்லிவிடுவான்.

ஹெர்மயனி என்ற மாணவி இவர்களுக்காகச் சங்கம் ஆரம்பித்து, பேட்ஜ் 2 ஸிக்கிள் என்று விற்கிறாள். கூடப் படிக்கிறவர்கள் கிண்டல் அடிக்கிறார்கள். அவங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்கு, உனக்கென்ன என்கிறார்கள். 2005-ல் வந்த சினிமாவில் சங்கத்தையும் காணோம், சமையல்கட்டையும் காணோம். அங்கேயும் கண்ணில் படாமல் போய்விட்டார்கள்!

இதுவும் கற்பனை இல்லை ஸார். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டு வேலைக்காரிகள். பெரிய பங்களாக்களில் எஜமானர் கண்ணில் படாமல் போய்வர அவர்களுக்குத் தனியாகப் பின்பக்க மாடிப்படி.

நாளைக் காலை ஆபீஸுக்குப் போகிறபோது உங்கள் மேஜை 'தானாகவே' சுத்தமாக இருக்கும். துடைத்த அம்மாவின் பேர் தெரியுமா?