நிறப்பொடி வேண்டாம்; வேக்காடும் களமும் போதும்

கேள்வி: ஒன்றேகால் ஏக்கரில் மஞ்சள் போட்டோம். எங்களுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் ஒரே விதை மஞ்சள், ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆனால், அவர் விற்றதைவிட எங்களுக்குக் குவிண்டாலுக்கு 2,000 ரூபாய் குறைவு. 'நிறம் மங்கல், உடைத்தால் உள்ளே ஒரே சீராக இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். பாதி மூட்டை இன்னும் வீட்டில் கிடக்கிறது. பாலீஷ் போடும்போது கொஞ்சம் நிறப்பொடி தூவினால் விலை ஏறும் என்கிறார்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் இதை நம்பித்தான் இருக்கிறது. தூவலாமா?
- வாசகி, கொடுமுடி வட்டாரம்

பதில்: சகோதரி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தூவாதீர்கள். மஞ்சளைப் பளிச்சென்று காட்டுவதற்காகச் சேர்க்கப்படும் பொடிகளில் ஈய குரோமேட் என்பதும் ஒன்று. அது பெயின்டுக்குப் போடும் நிறமி. அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு விரலியைப் போட்டுப் பாருங்கள். சுத்தமான விரலி நிறம் விடாது. பொடி பூசியது உடனே சாயம் இறக்கிவிடும். வாங்குபவருக்கும் இந்தச் சோதனை தெரியும்.

இனி, ஒரே விதைக்கு இரண்டு விலை எப்படி வந்தது என்று பார்ப்போம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின். எவ்வளவு குர்குமின் சேரும் என்பதை ரகமும் வயலும் முடிவு செய்கின்றன. ஐ.ஐ.எஸ்.ஆர். பிரதீபா போன்ற ரகங்களில் 6 சதவிகிதம் வரை இருக்கும். நாட்டு ரகங்கள் பலவற்றில் அதைவிடக் குறைவு. வேகவைப்பதாலும் காயவைப்பதாலும் வயலில் சேராத குர்குமினைச் சேர்க்க முடியாது. ஆனால், வயல் கொடுத்ததை அந்த இருபது நாளில் கெடுத்துவிட முடியும். உங்கள் மஞ்சளுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

வயலில் கவனிக்க வேண்டியவை: தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், பார் பிடித்து வடிகால் விடுங்கள். யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் தாள்தான் செழிக்கும்; கிழங்கு திரளச் சாம்பல் சத்து வேண்டும். தாள் முழுதும் காய்ந்து சாய்ந்த பிறகே வெட்டுங்கள். ஆள் கிடைத்துவிட்டது என்பதற்காக முன்கூட்டியே வெட்டினால் எடையும் குறையும், நிறமும் குறையும்.

வேகவைப்பது: வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்துவிட வேண்டும். விரலியையும் கிழங்கையும் கட்டாயம் பிரித்து வேகவையுங்கள். கிழங்கு பருமனானது, கூடுதல் நேரம் பிடிக்கும். சேர்த்துப் போட்டால் விரலி குழைந்துவிடும், கிழங்கு அரைவேக்காடாக நிற்கும். 'உள்ளே சீராக இல்லை' என்ற பேச்சுக்கு இதுவே முக்கியக் காரணம். கொப்பரையில் மஞ்சள் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டால் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நுரை பொங்கி, வெள்ளை ஆவியோடு மஞ்சள் வாசனை எழும்பும்போது ஒன்றை எடுத்து விரலால் அழுத்துங்கள். அமுங்க வேண்டும், மழுங்கலான குச்சி தடையில்லாமல் உள்ளே இறங்க வேண்டும். ஆவி இயந்திரத்தில் நேரம் குறையும்; ஆனால் சோதனை இதேதான். வாடகை இயந்திரம் அடுத்த தோட்டத்துக்குப் போக அவசரப்படும். நீங்கள் அவசரப்படாதீர்கள்.

காயவைப்பது: இதில் நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில், சீக்கிரம் காயட்டும் என்று எங்கள் களத்தில் ஒற்றை வரிசையாகப் பரப்பச் சொன்னேன். அப்பா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. காய்ந்தது, ஆனால் வெயில் தோலை வெளிறடித்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விரலியை உடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். களத்தில் 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் பரப்பிக் கிளறிவிடுங்கள். இரவில் குவித்து, காற்று புகும்படி மூடுங்கள். 10 முதல் 15 நாளில் ஈரம் 10 சதவிகிதத்துக்கு வரும். உடைத்தால் 'டங்'கென்று உலோகச் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஈரத்தோடு மூட்டை பிடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இப்போது கையிலிருக்கும் சரக்குக்கு என்ன செய்யலாம்? அரைவேக்காட்டை இனி மாற்ற முடியாது. ஆனால் மொத்தச் சரக்கும் அப்படி இருக்காது. விரலியையும் கிழங்கையும் பிரியுங்கள். மூட்டைக்கு மூட்டை பத்துப் பத்து உடைத்துப் பார்த்து, நல்லதைத் தனிக் குவியலாக்குங்கள். ஈரம் இருந்தால் மீண்டும் காயவையுங்கள். வெறும் பாலீஷ் மட்டும் போட்டு, இரண்டு தரமாக ஏலத்துக்குக் கொண்டு போங்கள். கலந்து கொண்டுபோனால் மட்டமானதன் விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும். கட்டணத்துக்கு அவசரம் என்றால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற வழி உண்டு. அங்குள்ள கண்காணிப்பாளரிடம் கேளுங்கள்.

வைகாசியில் மறுபடி நடப்போகிறீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேகவைக்கும் நாளில் கொப்பரை அருகே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நான் எழுதியதைவிட அது நன்றாகப் புரியும்.