ஈஸ்ட் பெங்கால்: ஆண்டுக்கு ஓர் அணி, யாருக்காக?

கொல்கத்தாவின் தென்மேற்கே, டைமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கிலும் பரவிக் கிடக்கும் பெஹாலா, வெளியூர்க்காரர்களுக்குச் சௌரவ் கங்குலியின் ஊர். அரசியல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது வேறொரு காரணத்தாலும் நினைவிருக்கும். ஆசிரியர் நியமன முறைகேட்டு வழக்கில் 2022 ஜூலையில் அமலாக்கத் துறையால் கைது செய்யப்பட்ட மேற்கு வங்க அமைச்சர் பார்த்தா சட்டர்ஜி, அப்போது பெஹாலா மேற்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஆள் சேர்ப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே அவ்வூர் மக்கள் முகம் சுளிப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகம்.

தேசப் பிரிவினைக்குப் பின்னர் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் குடியேறிய தெற்குக் கொல்கத்தாப் பகுதிகளுள் பெஹாலாவும் ஒன்று. அக்குடும்பங்களில் இன்றைக்கும் சிவப்பு-மஞ்சள் கொடி, பரம்பரைச் சொத்தைப் போலத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. அந்தக் கொடியைப் பிடித்திருப்பவர்கள் கடந்த சில ஆண்டுகளாக எழுப்பும் கேள்வி எளிமையானது. ஒவ்வோர் ஆண்டும் புதிய வீரர்கள், புதிய பயிற்சியாளர், புதிய வாக்குறுதி. இருந்தும் அணி என்று ஒன்று உருவாகவில்லையே, ஏன்?

அவர்களுக்கு ஆறாத புண் ஒன்று உண்டு. 2025 ஆகஸ்டில் தூரந்த் கோப்பைக் காலிறுதியில் மோகன் பகானை 2-1 என்று வென்ற ஈஸ்ட் பெங்கால், அரையிறுதியில் டைமண்ட் ஹார்பர் கழகத்திடம் அதே கணக்கில் தோற்றது. மக்களவை உறுப்பினர் அபிஷேக் பானர்ஜியின் முன்முயற்சியில் 2022-ல்தான் தொடங்கப்பட்ட கழகம் அது. வெற்றி கோலை அடித்தவர் கேரளத்தைச் சேர்ந்த ஜாபி ஜஸ்டின். இந்த ஜாபி யார்? 2018-19 ஐ-லீகில் ஈஸ்ட் பெங்காலின் முன்களத்தைத் தாங்கி நின்றவர். அந்தப் பருவம் முடிந்ததும் ஒப்பந்தச் சர்ச்சைக்கிடையே அவர் அதே நகரின் ஏ.டி.கே. அணிக்குப் போய்விட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, பெஹாலா வழியே செல்லும் அதே சாலையின் மறுமுனைப் பெயரைத் தாங்கிய அணிக்காக வந்து பழைய வீட்டின் கதவை உடைத்தார்.

அந்த 2018-19 பருவம் தமிழ் வாசகர்களுக்கும் நினைவிருக்கும். கோவையைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 43 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. ஈஸ்ட் பெங்கால் 42. கோடிகளைக் கொட்டாத சென்னை சிட்டி, சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ், அதிகம் அறியப்படாத ஸ்பானிய வீரர்களையும் உள்ளூர் இளைஞர்களையும் இணைத்து ஒரே மாதிரியான ஆட்டத்தை ஆட வைத்தது. அந்த அணியும் பின்னர் சிதறிப் போய், கழகமே ஐ-லீகிலிருந்து மறைந்தது தனிக் கதை. ஆனால் ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தவறவிட்ட அணி, அடுத்த ஆண்டும் ஏறத்தாழ அப்படியே களமிறங்கியிருக்க வேண்டும் என்பதே பெஹாலா ரசிகரின் வாதம். அது நடக்கவில்லை.

2020 செப்டம்பரின் கடைசி வாரத்தில் இந்தியன் சூப்பர் லீகில் இடம் உறுதியானது. நவம்பரில் போட்டி தொடங்கியது. இடைப்பட்ட சில வாரங்களில் சந்தையில் மிச்சமிருந்தவர்களைக் கொண்டு அணி கட்டப்பட்டது. முடிவு, 9-வது இடம். மறு ஆண்டு நிலைமை இன்னும் மோசமாயிற்று. முதலீட்டாளரான ஸ்ரீ சிமெண்ட் நிறுவனத்துக்கும் கழக நிர்வாகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத் தகராறு நீண்டுகொண்டே போக, 2021 ஜூலை 21 அன்று கழகக் கூடாரத்தின் முன் திரண்ட ரசிகர்கள் மீது காவல் துறை தடியடி நடத்தியது. அந்தப் பருவத்தில் 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். நிறுவனமும் கழகமும் யாருடைய கையெழுத்து எந்தத் தாளில் என்று சண்டையிட்ட நாள்களில், நல்ல வீரர்கள் வேறு அணிகளில் கையெழுத்திட்டு முடித்துவிட்டனர். இதற்கு எந்தப் பயிற்சியாளரைக் குறை சொல்வது?

2022-ல் எமாமி குழுமம் வந்தது. பணம் வந்தது. 2022-23, 2023-24, 2024-25 என்று மூன்று பருவங்களிலும் அதே 9-வது இடமும் வந்தது.

இடையில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்ததை மறுக்க முடியாது. 2023-ல் ஸ்பானியப் பயிற்சியாளர் கார்லஸ் குவாத்ராத் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு சேர்க்கப்பட்டவர்களில் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் முக்கியமானவர். மோகன் பகானிடம் தொடர்ந்து 8 முறை தோற்றிருந்த ஈஸ்ட் பெங்கால், 2023 ஆகஸ்ட் 12 அன்று தூரந்த் கோப்பையில் 1-0 என்று வென்றது நந்தகுமாரின் கோலால்தான். நான்கரை ஆண்டுகளாகக் காத்திருந்த பெஹாலாவில் அன்றிரவு ஒரு தமிழ்ப் பெயர் முழக்கமாயிற்று. 2024 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியாட்டத்தில் ஒடிசாவுக்கு எதிராக முதலில் பின்தங்கிய அணியைச் சமநிலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. கூடுதல் நேரத்தில் 3-2 என்று கோப்பை கிட்டியது. அகில இந்திய அளவில் ஒரு பட்டத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஏங்கியிருந்தவர்களுக்கு அது சிறிய செய்தியன்று.

அந்த அணியை வளர்த்தெடுப்பதற்குப் பதிலாக, 2024 கோடையில் நட்சத்திர வேட்டை தொடங்கியது. முந்தைய பருவத்தில் அதிக கோல் அடித்த கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் டிமித்ரியோஸ் டயமண்டகோஸ் வந்தார். அதே பருவத்தில் அதிக கோல்களுக்கு வழிவகுத்த பஞ்சாப் அணியின் மாதி தலால் வந்தார். காகிதத்தில் அருமையான அணி. லீகின் முதல் 6 ஆட்டங்களிலும் தோல்வி. குவாத்ராத் மூன்றாவது தோல்வியோடு விலகினார். அடுத்து வந்த ஆஸ்கர் புரூசோனுக்குக் கிடைத்தது, அவர் தேர்ந்தெடுக்காத வீரர்கள். தலால் டிசம்பரில் முழங்கால் காயத்தால் பருவத்தையே இழந்தார். டயமண்டகோஸ் தம் பழைய ஆட்டத்தின் நிழலாகவே தெரிந்தார். சென்ற ஆண்டின் சிறந்த வீரரை வாங்குவது சென்ற ஆண்டின் பஞ்சாங்கத்தை வாங்குவதற்குச் சமம். யாருடைய பந்தை யார் எங்கே பெற்றுக் கோலாக்கினார் என்பதைப் பார்க்காமல், கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் செய்யப்படும் சேர்க்கை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

எதிர் முகாமைப் பாராட்டுவது பெஹாலா ரசிகருக்குக் கசப்பானதுதான். எனினும் 2024-25 பருவத்தில் லீக் கேடயம், கோப்பை இரண்டையும் வென்ற மோகன் பகானிடம் கற்றுக்கொள்ள வேண்டியது பணம் செலவழிப்பதை மட்டுமன்று. சுபாசிஷ் போஸ், விஷால் கைத், மன்வீர் சிங், லிஸ்டன் கொலாசோ என்று இந்திய வீரர்களின் ஒரு மையக்குழுவை அக்கழகம் ஆண்டுக்கணக்கில் கலைக்காமல் வைத்திருந்தது. ஜேமி மெக்லாரன் போன்ற விலையுயர்ந்த வெளிநாட்டவர் அந்த மையத்தின்மேல் வைக்கப்பட்டவர்கள். அடித்தளம் இல்லாத இடத்தில் கலசத்தை மட்டும் வாங்கி வைத்ததுதான் ஈஸ்ட் பெங்கால் செய்தது.

அணிக்கும் கட்சிக்கும் வங்க மொழியில் ‘தல்’ என்ற ஒரே சொல்தான். வீரர் அணி மாறினாலும், சட்டமன்ற உறுப்பினர் கட்சி மாறினாலும், ‘தல்பதல்’. முன்னாள் முன்கள வீரர் தீபேந்து பிஸ்வாஸ் திரிணமூல் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, 2021 தேர்தலுக்கு முன் பாஜகவுக்குப் போய், தேர்தல் முடிந்ததும் திரும்ப விரும்பியபோது அந்தச் சொல்லின் இரு பொருளும் ஒருவரிடமே கூடின. பழைய காலத்தில் அணி மாற்றப் பருவம் வந்துவிட்டால் வீரர்களை ஒளித்து வைப்பதும், காவல் போட்டு அழைத்து வந்து கையெழுத்திடச் செய்வதும் கொல்கத்தாவில் சாதாரணம். தமிழகத்தில் சட்டமன்ற உறுப்பினர்கள் விடுதியில் தங்கவைக்கப்பட்ட காட்சிகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்று அந்த ஒளித்து வைத்தல், நீதிமன்ற வழக்காக உருமாறியிருக்கிறது. தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி விவகாரம் அதற்குச் சான்று. தில்லி எஃப்.சி.யிடமிருந்து கடன் ஒப்பந்தத்தில் மோகன் பகானுக்கு ஆடிவந்த அவர், 2024-ல் அதை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் வீரர் தகுதிக் குழு அவருக்கு 4 மாதத் தடை விதித்தது. மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவும், ஈஸ்ட் பெங்காலும் தில்லி எஃப்.சி.யும் இரு அணி மாற்றக் காலங்களில் புதிய வீரர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. காரணங்கள் விளக்கப்படாத உத்தரவு என்ற ஆட்சேபத்துக்குப் பின் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. இதய நோயைக் காரணம் காட்டி ஆடக் கூடாது என்று 2020-ல் தடுக்கப்பட்டபோதும் இதே அன்வர் அலி இதே நீதிமன்றத்தின் கதவைத் தட்டித்தான் களத்துக்குத் திரும்பினார். திறமையான வீரர் கிடைத்ததில் ரசிகருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு தடுப்பாட்டக்காரரைச் சேர்ப்பதற்கு வழக்குரைஞர் படையே தேவைப்படும் கழகம், இளம் வீரரைக் கண்டுபிடிக்க எத்தனை பேரை மாவட்டங்களுக்கு அனுப்பியிருக்கிறது?

இந்த இடத்தில் ‘மண்ணின் மைந்தர்’ கோஷம் எளிதாக எழுந்துவிடுகிறது. வங்காளத்து வீரர்களுக்கே இடம் தர வேண்டும் என்று கோருவோர் பலர். கொல்கத்தா லீகில் மாநில வீரர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆடியே தீர வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. கோரிக்கையில் நியாயம் உண்டு. 2024 டிசம்பர் 31 அன்று ஐதராபாதில் கேரளத்தை 1-0 என்று வென்று வங்காளம் 33-வது முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. அந்தப் போட்டியில் 12 கோல் அடித்த ரபி ஹன்ஸ்தா போன்றோர் அதுவரை பெரிய கழகங்களின் கண்ணில் படாமல் இருந்தது வெட்கப்பட வேண்டியது.

ஆனால் ஈஸ்ட் பெங்காலின் வரலாறு அந்தக் கோஷத்துக்கு முழுவதும் துணை நிற்கவில்லை. அகதிகளின் கண்ணீர் காயாத காலத்தில் அக்கழகத்துக்குப் பெருமை தேடித் தந்தவர்கள் யார்? அகமது கான், சாலே, வெங்கடேஷ், தன்ராஜ், அப்பாராவ். ஐவரும் தென்னிந்தியர். கழகச் செயலாளர் ஜோதிஷ் சந்திர குஹா ஒருவர் பின் ஒருவராகத் தெற்கே தேடிக் கொண்டுவந்து சேர்த்த அந்த முன்கள ஐவரை, வங்காளிகள் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினர். 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐ.எஃப்.ஏ. கேடயம் அவர்கள் காலத்தில் வந்தது. எங்கிருந்து வந்தனர் என்பதைவிட, அந்த ஐவரும் சேர்ந்து சில ஆண்டுகள் ஆட விடப்பட்டனர் என்பதே கவனிக்க வேண்டியது. 1980-ல் முக்கிய வீரர்கள் கூட்டமாக வெளியேறியபோதும் பி.கே. பானர்ஜியின் கழகம், அலிகரில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்களான மஜித் பிஷ்கரையும் ஜம்ஷித் நாசிரியையும் கண்டெடுத்து மீண்டது. கூர்ந்த கண் இருந்தது. பொறுமையும் இருந்தது.

அந்தக் கண் இப்போதும் முழுவதும் அவிந்துவிடவில்லை. கேரளத்து இளைஞர் பி.வி. விஷ்ணு, ரிசர்வ் அணிக்காகக் கொல்கத்தா லீகில் ஆடி, அங்கிருந்து முதன்மை அணிக்கு உயர்ந்தவர். பல நட்சத்திரங்கள் வந்து போன பருவங்களில் ரசிகர்கள் நம்பி எழுந்து நின்றது அவரது ஓட்டத்தைக் கண்டுதான். விஷ்ணுவுக்கு ஆன செலவையும் டயமண்டகோஸுக்கு ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எந்த வழியில் மேலும் நடக்க வேண்டும் என்பது கழக நிர்வாகத்துக்கும் முதலீட்டாளருக்கும் விளங்கக்கூடும்.

பெஹாலா ரசிகர் மீதும் பழி இல்லாமலில்லை. இரண்டு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளர் வெளியேற வேண்டும் என்று கூச்சலிடுவதும், விமான நிலையத்தில் புதிய வெளிநாட்டவருக்கு மாலை போட நள்ளிரவில் திரள்வதும் அவர்தான். அந்த மாலைக்காகவே சில ஒப்பந்தங்கள் செய்யப்படுகின்றனவோ என்று ஐயுற இடமிருக்கிறது. ஏ.டி.கே. என்ற முன்னொட்டை நீக்க வேண்டும் என்று மோகன் பகான் ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் விடாது போராடி 2023-ல் வென்றார்கள். பெயருக்காகக் காட்டிய அந்தப் பிடிவாதத்தை, அணி கட்டப்படும் முறைக்காக இரு தரப்பு ரசிகர்களும் இதுவரை காட்டியதில்லை.

தில்லியின் பங்கையும் விட்டுவிட முடியாது. கால்பந்துச் சம்மேளனத்துக்கும் வணிகக் கூட்டாளிக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதை எல்லோரும் பல ஆண்டுகளாக அறிந்திருந்தனர். ஆனால் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் சம்பளத்தையே நிறுத்தின. உச்ச நீதிமன்றம் வரை சென்று, 14 கழகங்களுடன் சுருக்கப்பட்ட லீக் 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என்று மத்திய அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவிக்க வேண்டியதாயிற்று. சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்கும் ஆடிய முன்னாள் கோல்காப்பாளர். பாஜக சார்பில் தேர்தலில் நின்றவர். 2022-ல் பைச்சுங் பூட்டியாவை 33-1 என்று தோற்கடித்து அப்பதவிக்கு வந்தார். அடுத்த பருவம் நடக்குமா என்றே தெரியாத நாட்டில் எந்தக் கழகம் ஒரு பதினெட்டு வயது வீரனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் தரும்?

ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு உறுப்பினர்கள் உண்டு. நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் உண்டு. ஆனால் முதன்மை அணியை நடத்துவது முதலீட்டாளருடன் சேர்ந்த நிறுவனம் என்பதால், உறுப்பினரின் வாக்கு வீரர் சேர்ப்பு வரை எட்டுவதில்லை. உறுப்பினர் அட்டையே இல்லாமல் மேற்குப்புறக் காட்சிக்கூடத்தில் நின்று தொண்டை வறளக் கத்துபவரின் நிலை அதற்கும் கீழே. அவர் கேட்பது வாக்குரிமைகூட அன்று. ஒவ்வொரு பருவ முடிவிலும் யாரை, என்ன காரணத்துக்காக, எத்தனை ஆண்டுக்குச் சேர்த்தோம், அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்ற கணக்கைக் கழகம் பொதுவில் வைக்க வேண்டும் என்கிறார். அதற்கு எந்த நீதிமன்ற உத்தரவும் தேவையில்லை.