அணை உடையுமோ இல்லையோ...

முல்லைப் பெரியாறு என்றாலே எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான். உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. 2011 டிசம்பர் கலவரத்தில் சித்தியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுவழியாகத் தேவாரத்துக்கு இறங்கினார். நான் இங்கே குளிரில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கலவரம் தானாக வந்ததா? 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. மூன்று வாரத்துக்குள் கேரள சட்டசபை, 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டத்தையே திருத்தியது. அடுத்த மாதம் தேர்தல்! எதிலும் ஒத்துப்போகாத இரண்டு அணிகளும் இதில் மட்டும் ஒற்றுமை. (அந்தத் திருத்தம் செல்லாது என்று 2014 மே மாதம் தீர்ப்பு வந்தது.)

2011-ல் உம்மன் சாண்டி அரசுக்கு மயிரிழை மெஜாரிட்டி, பிறவம் இடைத்தேர்தல் வேறு வரவேண்டியிருந்தது. நீர்மட்டத்துக்கும் அணையின் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை என்று அட்வகேட் ஜெனரல் தண்டபாணி ஹைகோர்ட்டில் சொன்னதும், ஆளுங்கட்சிக்காரர்களே அவர்மேல் பாய்ந்தார்கள். பயம் குறைந்தால் ஓட்டு குறையுமே!

நம்மவர்கள் மட்டும் யோக்கியமா? 2014 ஆகஸ்டில் மதுரையில் ஜெயலலிதாவுக்குப் பாராட்டு விழா. தீர்ப்புக்கு யார் காரணம் என்று தி.மு.க.வோடு ஒரே சண்டை.

சித்தப்பாவை எந்த விழாவுக்கும் யாரும் கூப்பிடவில்லை. அவர் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே திரும்ப மலையேறிவிட்டார். தோட்டத்தில் கூலி பாக்கி இருந்ததாம்.