சாப்பிடமாட்டான் என்று நாம்தான் சொன்னோம்

விருந்து வீட்டில் இலை போட்டதும் நாம் பேசும் முதல் பேச்சு பெரும்பாலும் நம் பிள்ளையைப் பற்றியதாக இருக்கிறது. “அவனுக்குக் காய் வைக்காதீங்க, தொடவே மாட்டான். தயிர் சாதமும் சிப்ஸும் போதும்.” அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான்கு வயது இருக்கும். எல்லாம் காதில் விழுகிறது. ஒரு கரண்டி அவியல் அவன் இலைக்கு வந்திருந்தால் தொட்டுப் பார்த்திருப்பானா, ஒதுக்கியிருப்பானா என்பது யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. அதற்குள் அவன் எதையெல்லாம் சாப்பிடாதவன் என்று ஊரறியச் சொல்லி முடித்துவிட்டோம். அடுத்த விருந்தில் நாம் வாய் திறக்க வேண்டியதில்லை. “நான் காய் சாப்பிடமாட்டேன்” என்று அவனே சொல்லிவிடுகிறான். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்.

நாம் என்று சொல்வது பெற்றோரை மட்டுமல்ல. தாத்தா பாட்டி, அத்தை, சித்தப்பா, டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து முகம் சுளிக்கும் ஆசிரியர், எழுதுகிற என்னைப் போன்றவர்கள், எல்லோரும் இதில் சேர்த்தி. குழந்தை புதிய உணவை மறுக்கிறது என்று இத்தனை காலம் குழந்தையைக் குறை சொன்னோம். நம் பக்கம் நடந்ததைச் சொல்லவே இல்லை.

மறுப்பது குழந்தையின் இயல்பு. ஏழெட்டு மாதத்தில் எதைக் கொடுத்தாலும் வாயில் வாங்கிக்கொண்ட குழந்தை, இரண்டு வயது வாக்கில் தெரியாத எதையும் தள்ளத் தொடங்குகிறது. தாயின் இடுப்பிலிருந்து இறங்கித் தன் காலில் நடந்து திரியும் வயது அது. கண்ணில் பட்ட காயையும் இலையையும் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இந்தத் தயக்கம் ஒரு காவலாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இனிப்பு பிறவியிலேயே பிடிக்கும், தாய்ப்பாலே இனிப்புதான். கசப்பு பிறவியிலேயே பிடிக்காது. நச்சுத் தாவரங்களில் பல கசப்பவை. இந்தத் தயக்கம் எவ்வளவு இருக்கும் என்பதில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனில் எட்டு முதல் பதினொரு வயது வரையிலான இரட்டைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. ஒரு குழந்தைக்கும் இன்னொன்றுக்கும் இந்தத் தயக்கத்தில் உள்ள வேறுபாட்டில் முக்கால் பங்குக்கு மேல் பிறவியிலேயே வருவது என்று அது கண்டது. அப்படியிருக்க, “அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா” என்று எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களைக் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறோம்! அந்த அநியாயத்துக்கு முதலில் அவர்களிடம் நாம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தயக்கம் பிறவியில் வந்தாலும் அது அப்படியே நின்றுவிடுவதில்லை. லீயன் பர்ச் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் வாழ்நாளெல்லாம் இதையே ஆராய்ந்தவர். 1982இல் அவர் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத பாலாடைக்கட்டி வகைகளையும் பழங்களையும் கொடுத்தார்கள். சிலவற்றை இரண்டே முறை, சிலவற்றைப் பத்து முறை, சிலவற்றை இருபது முறை. பிறகு எது வேண்டும் என்று கேட்டபோது, அதிகம் ருசி பார்த்ததையே குழந்தைகள் அதிகம் எடுத்தார்கள். பின்னால் நடந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும். ஒரு துணுக்குப் பட்டாலும் போதும். துப்பினால்கூட ருசி பார்த்ததுதான்.

நாம் எத்தனை முறை கொடுத்தோம்? பாகற்காயை முதல் முறை பார்த்துத் தலையைத் திருப்பினான். இரண்டாம் முறை துப்பினான். மூன்றாம் முறை நாம் வாங்கவே இல்லை. பத்து, பதினைந்து முறை தேவைப்பட்ட இடத்தில் மூன்றாவது முறையே சலித்துவிட்டோம். அந்தச் சலிப்புக்குப் பாசம் என்று பெயர் வைத்தோம். “பாவம், பிடிக்காததை ஏன் கொடுக்கணும்” என்றோம். ஒரு குழந்தைக்கு இந்த உலகத்தில் என்னென்ன பிடிக்கலாம் என்பதை அதன் இரண்டாவது வயதிலேயே முடிவு செய்துவிடும் பாசத்தால் அதற்கு என்ன நன்மை?

சலிக்காதவர்கள் இன்னொரு பக்கம் போனோம். கன்னத்தை அழுத்தி ஊட்டினோம், பூச்சாண்டியைக் கூப்பிட்டோம். “இந்த ஒரு வாய் கீரை சாப்பிட்டா ஐஸ்கிரீம்” என்று பேரம் பேசினோம். கூலி கொடுத்து ஊட்டிய உணவின் மீது குழந்தைக்கு விருப்பம் குறைகிறது என்று பர்ச்சும் அவரோடு ஆராய்ந்தவர்களும் 1984இலேயே எழுதிவிட்டார்கள். கூலி கேட்கும் வேலை கஷ்டமான வேலையாகத்தான் இருக்கும் என்று குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. 2006இல் வந்த ஆய்வு சூப்பை வைத்து நடந்தது. “சூப்பைக் குடித்து முடி” என்று விடாமல் சொல்லப்பட்ட குழந்தைகள் குறைவாகவே குடித்தார்கள். அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள்.

பிறகு செல்போன் வந்தது. திரையில் பாட்டு ஓடுகிறது, வாய் தானாகத் திறக்கிறது, கரண்டி உள்ளே போகிறது. கிண்ணம் காலியானதும் நமக்கு நிம்மதி. பச்சையா மஞ்சளா, குழைவா மொறுமொறுப்பா, என்ன மணம் என்று எதுவுமே அந்தக் குழந்தைக்குத் தெரியாது. ஒரு வருடம் முழுக்கக் கேரட்டும் பருப்பும் சாப்பிட்ட குழந்தைக்குக் கேரட்டைக் கையில் கொடுத்தால் அது புதுப்பொருளாகவே இருக்கிறது. கீரையை அரைத்துத் தோசை மாவில் ஒளித்துக் கொடுத்ததும் இந்த வகைதான். சத்து உள்ளே போயிருக்கும். கீரை பழக்கமாகவில்லை.

இதையெல்லாம் விட நமக்குக் கூச்சம் தர வேண்டியது நம் சொந்தத் தட்டு. வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாகப் பிரித்துக் கள்ளன் எடுக்க நேரமில்லை, வாழைத்தண்டுக்கு நார் எடுக்க நேரமில்லை, பிரண்டை தொட்டால் அரிக்கும், சுண்டைக்காயை நசுக்கி விதை போக்கி யார் சமைப்பது என்று ஒவ்வொன்றாக விட்டோம். நாம் வாங்காததைக் குழந்தை எங்கே பார்க்கும்? இலந்தையும் கொடுக்காப்புளியும் நாவலும் பள்ளி வாசல் பாட்டியின் கூடையில் இருந்தவரை அவை பழக்கமாக இருந்தன. அந்த இடத்தில் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்க ஆரம்பித்தபோது நாம் எதுவும் சொல்லவில்லை. அப்பா தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் கத்தரிக்காயைக் குழந்தை தினமும் பார்க்கிறது. “இன்னிக்கும் கீரையா?” என்று அவர் கேட்பதையும் கேட்கிறது. ஆண்களாகிய நாம் இதில் செய்த பிழை பெரிது. உருவுவது, ஆய்வது, நறுக்குவது, ஊட்டுவது அத்தனையையும் ஒருத்தியின் தலையில் போட்டோம். வேலைக்கும் போய்விட்டு வரும் அவள் சுலபமானதைச் சமைத்தபோது அதையும் குறை சொன்னோம்.

பழைய காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பல வீடுகளில் இருந்ததே ஒரு குழம்புதான். வேறு வழியில்லாமல் சாப்பிட்டார்கள். பசியை நல்ல வாத்தியார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வீடுகளில் நல்ல வழக்கம் ஒன்றும் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டை நிறையப் போட்டுக் குழம்பு வைப்பார்கள். கடலோர ஊர்களில் பால்சுறாப் புட்டு செய்து தருவார்கள். பிலடெல்பியாவின் மோனல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாம்பும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டுச் செல்கிறது. தாய் பூண்டு சாப்பிட்டால் பாலின் மணம் மாறுகிறது, குழந்தை கூடுதல் நேரம் பால் குடிக்கிறது. மெனெல்லாவின் குழு 2001இல் இன்னொன்றைக் காட்டியது. கருவுற்ற காலத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை பிற்பாடு கேரட் சுவையுள்ள கஞ்சியைக் குறைந்த முகச்சுளிப்போடு ஏற்றுக்கொண்டது. வீட்டின் ருசி பாலிலேயே குழந்தைக்கு அறிமுகமாகிவிடுகிறது. நாமோ பால் கொடுக்கும் பெண்ணிடம் அது வாயு, இது சூடு, இது மந்தம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ரசம் சாதத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம்.

குழந்தை புதிதாக ஒன்றைத் தின்னத் துணிவது பெரும்பாலும் இன்னொரு குழந்தையைப் பார்த்துத்தான். தனக்குப் பிடிக்காத காயை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு சில நாள் உட்காரவைத்தால் அதன் விருப்பமே மாறுகிறது என்று பர்ச் 1980இல் காட்டினார். அந்த வகையில் தமிழ்நாட்டின் கையில் இருப்பது பெரிய செல்வம். 1956இல் காமராசர் மாநிலம் முழுக்கக் கொண்டுசென்ற மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. பிறகு முட்டை வந்தது, பயறும் கொண்டைக்கடலையும் வந்தன. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. லட்சக்கணக்கான பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே உணவைச் சேர்ந்து சாப்பிடும் பந்தி இது. வீட்டில் முட்டையே காணாத பிள்ளை, பக்கத்துப் பிள்ளை தின்பதைப் பார்த்துத் தின்னப் பழகிய இடம்.

அந்தப் பந்தியை நாம் என்ன செய்தோம்? வசதி வந்ததும் நம் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், மூடி போட்ட டப்பாவோடு தனித்தனியாக உட்காரவைத்தோம். “யார்கிட்டயும் வாங்கிச் சாப்பிடாதே, யாருக்கும் கொடுக்காதே” என்று சொல்லி அனுப்பினோம். இதைவிடக் கொடுமையானதும் நடந்தது. 2018இல் அவிநாசி அருகே ஒரு கிராமப் பள்ளியில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகப் பெற்றோர் எதிர்த்தார்கள். 2023இல் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில் அதே காரணத்தால் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் ஆட்சியரும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு உப்புமாவின் மேல் என்ன வெறுப்பு இருக்க முடியும்? அந்த மறுப்பு நாக்கிலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்து வந்தது. பிள்ளைகளுக்கு உணவைப் பற்றி நாம் சொல்லிக்கொடுத்தவற்றிலேயே மிக இழிவானது இதுதான். இதை அந்த இரண்டு ஊர்களின் கணக்கில் எழுதிவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. “அவங்க வீட்ல எதுவும் வாங்கிச் சாப்பிடாதே” என்ற பேச்சு நகரத்து அடுக்குமாடிகளிலும் கேட்கிறது.

இப்படியெல்லாம் சுருங்கிப்போன உணவின் விலையைக் குழந்தையின் உடம்பு கொடுக்கிறது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் நாடு முழுவதும் 67 விழுக்காடு. தமிழ்நாட்டில் 57 விழுக்காடு. வறுமை, குடற்புழு, தாயின் உடல்நிலை என்று இதற்குக் காரணங்கள் பல. தட்டில் தினமும் வெள்ளைச் சோறு மட்டும் இருப்பதும் அவற்றில் ஒன்று.

சில குழந்தைகளின் மறுப்பு வேறு வகையானது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு ஒரு உணவின் வழவழப்பு, மணம், மெல்லும் சத்தம் கூடத் தாங்க முடியாததாக இருக்கிறது. மூன்று நான்கு உணவுகளைத் தவிர எதையும் ஏற்காமல் எடை குறையும் குழந்தைகளும் உண்டு. அதை ஒரு தனி உணவுக் கோளாறாகவே மருத்துவ உலகம் 2013இல் வகைப்படுத்தியது. அவர்களையும் பிடிவாதக்காரர்கள் என்றோம், பட்டினி போட்டால் வழிக்கு வருவார்கள் என்றோம். அவர்களுக்குத் தேவை மருத்துவரும் பயிற்சியாளரும். நம் அறிவுரை தேவையே இல்லை.

மற்ற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் சந்தைக்குப் போகும்போது கால் கிலோ பாகற்காயோ ஒரு வாழைப்பூவோ வாங்குங்கள். ஆய்வதற்கு வீட்டில் உள்ள எல்லோரும் உட்காருங்கள், குழந்தையும் தொட்டுப் பார்க்கட்டும். செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடுங்கள். குழந்தையின் தட்டில் ஒரு துண்டு போதும். தின்றால் பாராட்ட வேண்டாம், ஒதுக்கினால் திட்ட வேண்டாம். அடுத்த வாரமும் ஒரு துண்டு வையுங்கள். அதற்கடுத்த வாரமும் வையுங்கள். விருந்துக்குப் போன இடத்தில் அவன் சாப்பிடமாட்டான் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.